நேசனாய் வந்த ஆசான்

பேராக் மாநிலத்தில் இன்று 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுட் பலவற்றின் பெயரில் 'லாடாங்' என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளி பட்டணத்தருகே புதுக் கட்டடத்திற்குக் குடிபெயர்ந்திருக்கும். தோட்டம் கைமாறிச் செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறியிருக்கும். லயத்து வீடுகள் நின்ற இடமும் தெரியாது. ஆயினும் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டம் நிற்கிறது. அந்தப் பெயர்களைப் படிக்கும்போதெல்லாம், அத்தோட்டங்களிலிருந்து கதை எழுத முற்பட்ட ஒரு தலைமுறையும், அதற்கு வழிகாட்டிய ஒருவரும் நினைவுக்கு வரவேண்டும். அவர் பேராக்கில் வாழ்ந்தவரல்லர். பள்ளியில் பாடம் நடத்தியவருமல்லர். திருநெல்வேலிச் சீமையில், கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் பிறந்த கு. அழகிரிசாமி அவர்.

அழகிரிசாமி 1952-இல் கோலாலம்பூருக்கு வந்து 'தமிழ் நேசன்' நாளிதழின் ஆசிரியப் பணியை ஏற்றார். இதழை நடத்துபவரையும் ஆசிரியர் என்கிறோம். பள்ளியில் கற்பிப்பவரையும் ஆசிரியர் என்கிறோம். இரண்டும் ஒன்றே என்பதை அவர் வாழ்க்கை காட்டிற்று.

அவர் வந்த காலம் எத்தகையது? அவசரகாலச் சட்டம் நாட்டை இறுக்கியிருந்தது. 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து எழுந்த நெருக்கடி அது. 1952 மார்ச்சில் பேராக்கின் தென்கோடியிலுள்ள தஞ்சோங் மாலிமில் நாளொன்றுக்கு 22 மணிநேரம் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. இருள் பிரியாத வேளையில் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, உளியும் வாளியுமாய் நிரைக்குச் சென்று, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்துவந்து நிறுத்துக் கொடுத்த மக்களின் வாழ்வில் அச்சமும் ஒரு வேலையாகச் சேர்ந்துகொண்ட காலம்.

அம்மக்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்த கல்வி தோட்டப் பள்ளியோடு முடிந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது உண்மையே. சட்டம் கூறியதற்கும் கொட்டகையில் நடந்ததற்கும் இருந்த இடைவெளியைத் தமிழாசிரியர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அங்கே எழுத்தறிந்தவன் மேலே படிக்க விரும்பினால் அவனுக்கு மேற்பள்ளியாக அமைந்தது செய்தித்தாள்தான். 'தமிழ் நேசன்' 1924 செப்டம்பரில் தோன்றியது. அதன் பக்கங்களில் 1950-ஆம் ஆண்டளவில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்றே பெயரிட்டு எழுத்துப் பயிற்சி அளித்திருந்தனர். நிலம் உழப்பட்டிருந்தது. அழகிரிசாமி அந்நிலத்திற்கு வந்து சேர்ந்தார்.

அவர் வெறுங்கையோடு வரவில்லை. சென்னையில் 'ஆனந்த போதினி'யிலும் 'பிரசண்ட விகட'னிலும் 'சக்தி'யிலும் பணியாற்றிய அனுபவம் அவரிடம் இருந்தது. கம்பனையும் காவடிச்சிந்தையும் உருகிப் படித்த புலமையும், கருநாடக இசையில் தோய்ந்த செவியும் இருந்தன. 'ராஜா வந்திருக்கிறார்' போன்ற கதைகளால் அவர் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தார். அத்தகையவர் மலாயாவின் இளம் எழுத்தாளர்களை அழைத்து 'இலக்கிய வட்டம்' அமைத்து, அவர்களுடைய படைப்புகளை நடுவில் வைத்துப் பேசினார். கற்றவன் கல்லாதவனுக்குச் சொல்லும் உபதேசமாக அன்று. எழுத்தாளன் எழுத்தாளனோடு அமர்ந்து பேசும் பேச்சாக. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் இந்நாட்டு எழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவதே வழக்கமாக இருந்த நாளில், அதை ஒரு பொருட்டாக மதித்துக் குறைநிறை கூறியதைக் காட்டிலும் பெரிய மரியாதை வேறென்ன?

அவருடைய கதைகளே அவர் நடத்திய பாடங்கள். 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் தீபாவளிக்கு முன்னிரவு, உடம்பெல்லாம் சிரங்கோடு அனாதைச் சிறுவன் ஒருவன் ஏழை வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவன் பெயர் ராஜா. அவ்வீட்டுத் தாய் அவனைக் குளிப்பாட்டி, கணவனுக்கென்று வைத்திருந்த துண்டை உடுத்திவிடுகிறாள். பக்கத்துப் பணக்கார வீட்டுக்கும் ஒரு ராஜா, மாப்பிள்ளையாக, வந்திருக்கிறார். தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதைப் பெருமிதத்தோடு சொல்லப் போகிறாள் ஏழைச் சிறுமி. இவ்வளவே கதை. வறுமையைப் பற்றி ஒரு புலம்பல் இல்லை. செல்வரைப் பற்றி ஒரு வசை இல்லை. ஒரு முழத் துணியையும் கணக்குப் பார்த்துத் தீபாவளி கொண்டாடிய லயத்து மக்களின் வாழ்வை எழுத நினைத்தவனுக்கு இதைவிடத் தெளிவான மாதிரி கிடைத்திராது. அழவைக்க வேண்டுமென்று எழுதாதே, பார்த்ததை எழுது என்று அது கற்பித்தது. அக்காலத் தோட்டக் கதைகள் பலவற்றில் கண்ணீர் அளவுக்கு மீறிப் பெருகியதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எல்லா மாணவரும் ஆசானின் பாடத்தைக் கேட்டுவிடுவதில்லை.

1955-இல் அவருடைய திருமணம் மலாயாவிலேயே நிகழ்ந்தது. 1957-இல் தாயகம் திரும்பினார். காந்தி நூல் வெளியீட்டுக் குழு, 'நவசக்தி' எனப் பணிகள் மாறின. எழுத்து மட்டும் மாறவில்லை.

அவருக்கு ஓர் உயிர்நண்பர் இருந்தார். அதே இடைசெவலில், ஏறத்தாழ அதே வயதில் வளர்ந்த கி. ராஜநாராயணன். இருவரும் சேர்ந்து பாட்டுக் கேட்டார்கள், சேர்ந்து படித்தார்கள், பிரிந்தபோது கடிதம் எழுதினார்கள். நண்பர் கதையுலகிற்கு வந்தது பிற்காலத்தில்தான். அழகிரிசாமி எழுதிய கடிதங்களை அவர் போற்றிக் காத்து, பின்னர் அவை நூலாகவும் வெளிவந்தன. ஆசானும் தோழனும் ஒருவரிடமே அமைவது அரிது. இடைசெவலுக்கும் கோலாலம்பூருக்கும் அவர் ஒருவரே அவ்விரண்டுமாக இருந்தார்.

1970-ஆம் ஆண்டு 'சோவியத் நாடு' இதழில் புதுப் பணி ஏற்றார். அவ்வாண்டே ஜூலை 5-ஆம் நாள் மறைந்தார். வயது நாற்பத்தாறு. நாற்பத்தேழாம் பிறந்தநாளுக்கு இன்னும் பதினொரு வாரங்கள் இருந்தன. பேராக்கில் அப்போது தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறிய துயரம் ஆறியிருக்கவில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நடும் மாற்றமும் தொடங்கியிருந்தது. எந்த வாழ்வை எழுதும்படி அவர் இளைஞர்களுக்குத் துணிவூட்டினாரோ, அந்த வாழ்வே கண்முன் கலைந்துகொண்டிருந்த வேளையில் அவரும் போனார். எழுதியதைக் கொண்டுபோய்க் காட்ட ஆளில்லை. மரணச் செய்தியில் தோட்டத்து எழுத்தாளனைத் தாக்கியது இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

அவ்வாண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது 'அன்பளிப்பு' தொகுதிக்கு வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. நண்பர் கி. ராஜநாராயணனுக்கு அதே விருது 1991-இல் வந்தது. தோழனைப் பிரிந்த பின் அரைநூற்றாண்டு வாழ்ந்து 2021 மே மாதத்தில் அவர் காலமானார். 'தமிழ் நேச'னும் 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுபோயிற்று.

விருது பெற்ற நூலுக்குப் பெயர் தந்த கதையைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஒருமுறை நிதானமாகப் படிக்கவேண்டும். பிள்ளைகளிடம் அன்பு கொண்ட ஒருவர் சிலருக்கு மட்டும் டைரி வாங்கித் தருகிறார். சாரங்கன் என்னும் சிறுவனுக்குத் தரவேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. அவன் அழவில்லை, கேட்கவுமில்லை. ஒருநாள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று, உப்புமா கொடுத்து உபசரித்து, பிறகு தானே தேடிக்கொண்ட ஒரு டைரியை அவர்முன் நீட்டுகிறான். தனக்கு அவர் தந்த அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரும்படி கேட்கிறான்.

அழகிரிசாமியின் முகத்தைக் காணாமல், இலக்கிய வட்டத்தில் உட்காராமல், வந்துசேர்ந்த தாளைப் படித்தே எழுதக் கற்றவர்கள் பேராக்கின் தோட்டங்களில் இருந்திருப்பார்கள். அவர்களும் சாரங்கன்களே. தங்கள் டைரியைத் தாங்களே தேடிக்கொண்டார்கள். கையெழுத்து வாங்கத்தான் நேரம் வாய்க்கவில்லை.