இரவல் மூச்சு

‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’ (1953) படத்தைப் பார்த்த நண்பர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். தோழன் இறந்துவிட்டான். இரவு. படைமுகாமின் வெற்று முற்றத்தில் மாண்ட்கோமரி க்ளிஃப்ட் பியூகிளை உயர்த்தி, மாண்ட வீரனுக்கான விடையிசையை ஊதுகிறார். கன்னங்களில் நீர் வழிகிறது, துடைத்துக்கொள்ளாமல் ஊதுகிறார். தம் வாசிப்பு படத்தின் ஒலியில் இடம்பெறாது என்று அறிந்தும் க்ளிஃப்ட் அதற்காகப் பியூகிள் பயின்றார் என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. உதட்டின் அழுத்தமும் தொண்டையின் அசைவும் பொய்யாகத் தோன்றிவிடக்கூடாது என்று எண்ணினார் போலும். பாராட்டத்தக்க ஈடுபாடுதான். ஆனால் நம் காதில் விழுகிற அந்த ஒலியை எழுப்பியவர் மேனி க்ளைன். 1908-இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடங்களில் பல பத்தாண்டுகள் டிரம்பெட் வாசித்தவர். அப்படம் எட்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அவற்றுள் ஒலிப்பதிவுக்கானதும் ஒன்று. படத்தின் பெயர்ப்பட்டியலில் க்ளைன் இல்லை.

இப்படி மூச்சை இரவல் கொடுத்தவர்களைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம். ஜாஸ் இசையின் வரலாறு பெரும்பாலும் தனி வாசிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. லூயி ஆம்ஸ்ட்ராங், டிஸ்ஸி கில்லெஸ்பி, மைல்ஸ் டேவிஸ் என்று அது எழுந்து நின்று வாசித்தவர்களை எண்ணிக்கொண்டு போகும். உட்கார்ந்தபடியே வாசித்தவர்களுக்கு அதில் அடிக்குறிப்பளவு இடம்கூடக் கிடைப்பதில்லை. கூலிக்கு ஊதியவர்கள், எழுதிக்கொடுத்ததை வாசித்தவர்கள் என்பது விமரிசகர்கள் சிலரின் தீர்ப்பு. இத்தீர்ப்போடு நமக்கு உடன்பாடில்லை.

பிக் பேண்ட் என்பது பதினைந்து முதல் பதினேழு பேர் வரை கொண்ட குழு. நான்கு டிரம்பெட், மூன்று அல்லது நான்கு டிராம்போன், ஐந்து ஸாக்ஸபோன், இவற்றுக்கு அடித்தளமாகப் பியானோ, கிதார், பாஸ், டிரம்ஸ். நான்கு டிரம்பெட்காரர்களுள் முதல் நாற்காலிக்கு உரியவரை ‘லீட்’ என்பார்கள். வழக்கமாகத் தனி வாசிப்பு அவருக்கு வராது. அது பெரும்பாலும் அடுத்த நாற்காலிகளில் இருப்பவர்களுக்குப் போய்விடும். லீட் வாசிப்பவர் செய்வது வேறொன்று. ஏட்டில் எழுதப்பட்ட ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவது, எங்கே அதை நறுக்கென்று வெட்டுவது, எந்த இடத்தில் தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி விழுவது, முடிவில் அதிர்வு கொடுப்பதா, கொடுத்தால் எவ்வளவு என்பதையெல்லாம் அவர் தீர்மானிக்கிறார். மற்ற மூவரும் அவர் மூச்சைக் கேட்டுத் தம் மூச்சை அமைத்துக்கொள்கிறார்கள். டிராம்போன் வரிசை அவரைத் தொடர்கிறது, ஸாக்ஸபோன்களும் அப்படியே. கைகோல் அசைப்பவர் பெயர் குழுவுக்கு வாய்த்திருக்கலாம். குழு எப்படிப் பேசுகிறது என்பதை நிர்ணயிப்பவர் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இந்த மனிதர். (நம் கச்சேரி மரபில் பக்கவாத்தியக்காரரின் பெயர் அழைப்பிதழிலேயே அச்சாகிவிடும், தனி ஆவர்த்தனமும் உண்டு. எனவே அந்த ஒப்புமை இங்கே பொருந்தாது.)

வாத்தியமோ இரக்கமற்றது. மூன்று பொத்தான்கள், அவற்றை எப்படிச் சேர்த்து அழுத்தினாலும் ஏழு விதமான குழல் நீளங்களே கிடைக்கும். மீதி அத்தனை சுரங்களையும் உதடும் மூச்சும்தான் உண்டாக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமே உள்ள ஒரு வாய்க்குவளைக்குள் உதட்டுச் சதை அதிர்கிறது. மேல்தளச் சுரங்களில் ஒரு நூலளவு பிசகினாலும் அந்தப் பிசகு அரங்கம் முழுவதற்கும் கேட்கும். வயலின் வரிசையில் ஒருவர் தவறினால் மற்றவர்கள் மறைத்துவிடுவார்கள். லீட் டிரம்பெட்டை மறைக்க ஆளில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் இது இன்னும் கடுமையாகும். ஏடு அன்று காலையில்தான் கைக்கு வரும். ஒருமுறை பார்த்துவிட்டு வாசிக்க வேண்டும். அறுபது பேர் கொண்ட இசைக்குழு ஒரு காட்சியை இறுதிவரை பழுதின்றி வாசித்து வரும்போது, கடைசி வரியின் உச்சச் சுரம் டிரம்பெட்டுக்கு எழுதப்பட்டிருக்கும். அது உடைந்தால் அறுபது பேரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த அச்சத்தோடு நாள்தோறும் காலையில் வீட்டிலிருந்து கிளம்பிய மனிதர்களைத்தான் ‘எழுதிக்கொடுத்ததை வாசித்தவர்கள்’ என்று ஒதுக்குகிறோம்.

நமக்கு இவர்கள் அறிமுகமானது பெயரில்லாமலேதான். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பகலில் கார்ட்டூன் காட்டும் தொலைக்காட்சி அலைவரிசை இரவானதும் டிஎன்டி என்று பெயர் மாறி, எம்ஜிஎம் நிறுவனத்தின் பழைய படங்களை ஒளிபரப்பும். விடுதியின் பொது அறையில், மறுநாள் தொல்காப்பியத் தேர்வை வைத்துக்கொண்டு, ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ (1952), ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ (1951) என்று பார்த்துத் தீர்த்தோம். ஆங்கிலம் பாதிதான் புரியும். நடனத்தை விடவும் அதற்கு மேலே கத்திபோல் எழுந்து வரும் அந்த டிரம்பெட் ஒலியே நம்மைப் பிடித்து நிறுத்தியது. அதை ஊதியவர் யார் என்று கேட்க வேண்டும் என்பதே அன்று தோன்றவில்லை. 1949 முதல் எழுபதுகளின் தொடக்கம் வரை எம்ஜிஎம் இசைக்குழுவின் முதல் டிரம்பெட்டாக இருந்தவர் யூவான் ரேசி என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தோம். ஒரே மனிதரின் மூச்சைத்தான் அத்தனை இரவுகளும் கேட்டிருக்கிறோம்! அவரிடம் பிறகு வருவோம்.

கான்ராட் காஸோவைச் சொல்லாமல் லீட் டிரம்பெட் பற்றிப் பேச முடியாது. 1922-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில், டிரம்பெட் ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். உலகப்போர்க் காலத்தில் ஆர்ட்டி ஷா நடத்திய கடற்படை இசைக்குழுவில் சேர்ந்து பசிபிக் தீவுகளில் வாசித்தார். போர் முடிந்ததும் உடி ஹெர்மனின் குழு. பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்கள். ஐம்பதுகளின் ஹாலிவுட் இசைத்தட்டுகளில் டிரம்பெட் வரிசை ஒரே மனிதன் பேசுவதுபோல் அகன்று, தடித்து, சிறிதும் கூச்சல் இல்லாமல் எழுந்தால் பெரும்பாலும் அங்கே காஸோ இருப்பார். உச்சத்துக்குப் போக வல்லவர்கள் பலர் உண்டு. உச்சத்திலும் ஒலியின் சதைப்பற்றைக் குறையாமல் வைத்திருந்தவர்கள் சிலரே. தம் பெயரில் அவர் வெளியிட்டது ‘காஸ் த கிரேட்’ (1955) என்ற ஒரே தொகுப்பு. 1964-இல், நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். நம் வயதை ஒத்தவர் என்பதனாலோ என்னவோ, இந்த எண் நம்மைத் தொல்லைப்படுத்துகிறது.

மூச்சு இரவல் கொடுத்ததில் இன்னொரு கொடுமையும் உண்டு. அது நிறம் பற்றியது. ‘ப்ளூஸ் இன் த நைட்’ (1941) படத்தில் ஜேக் கார்சன் என்ற வெள்ளை நடிகர் டிரம்பெட்காரராக வருகிறார். அவருக்காக ஊதியவர் ஸ்னூக்கி யங் என்ற இருபத்திரண்டு வயதுக் கறுப்பின இளைஞர். ஒஹாயோவின் டேட்டனில் 1919-இல் பிறந்தவர். அப்போது ஜிம்மி லன்ஸ்ஃபோர்டின் குழுவில் இருந்தார். அவர் மூச்சுக்கு அங்கே இடம் இருந்தது. கதைநாயகனின் தோழனாக அவர் முகத்துக்கு இடமில்லை. இதைத் தனிமனிதரின் குறையாகக் காண்பது சரியன்று. லாஸ் ஏஞ்சலிஸில் இசைக்கலைஞர் சங்கமே இரண்டாக இருந்தது. வெள்ளையருக்கு 47-ஆம் கிளை, கறுப்பினத்தவருக்கு 767-ஆம் கிளை. ஸ்டுடியோ வேலைகள் ஏறத்தாழ முழுவதும் முதற்கிளைக்கே போயின. கறுப்பினக் கலைஞர்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1953-இல்தான் இரண்டும் ஒன்றாயின. நியூயார்க்கிலும் நிலை வேறாக இல்லை. என்பிசி நிறுவனம் 1960-இல் க்ளார்க் டெரியைத் தன் நிலையக் கலைஞராகச் சேர்த்துக்கொண்டபோது, அப்பணிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். சிறுவனாக இருந்தபோது தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயைச் சுருட்டி, ஒரு முனையில் புனலையும் மறுமுனையில் ஈயக்குழாய்த் துண்டையும் செருகி ஊதியவர் டெரி. அதைச் சகிக்கமுடியாத அண்டைவீட்டார் பணம் திரட்டி, அடகுக்கடையிலிருந்து அவருக்கு ஒரு டிரம்பெட் வாங்கிக் கொடுத்தார்களாம். எல்லிங்டன் குழுவில் எட்டாண்டு வாசித்து முடித்த பிறகுதான் என்பிசியின் கதவு அவருக்குத் திறந்தது.

ஸ்னூக்கி யங் பிறகு கவுண்ட் பேஸி குழுவில் லீட் வாசித்தார். 1957-இல் பதிவான ‘தி அட்டாமிக் மிஸ்டர் பேஸி’ தொகுப்பைக் கேட்கும் நண்பர்கள், மெதுவான பாடல்களில் டிரம்பெட் வரிசை எவ்வளவு பின்தங்கி நடக்கிறது என்று கவனிக்க வேண்டுகிறோம். இன்னும் ஒரு கணம் பிந்தினால் தாளமே சரிந்துவிடும் என்று தோன்றும், சரியாது. வேகமாக ஊதுவதைவிடக் கடினமான செயல் அது. பின்னர் ஜானி கார்சனின் ‘டுநைட் ஷோ’ இசைக்குழுவில், 1992-இல் கார்சன் ஓய்வுபெறும்வரை இருந்தார். அமெரிக்காவின் பல கோடி வீடுகளில் உறக்கத்துக்குமுன் அவர் ஒலி கேட்டது. எத்தனை வீடுகள் அவர் பெயரை அறிந்திருக்கும்?

வகுப்பில் குறுந்தொகை நடத்தும்போது இவர்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. பாடியவர் பெயர் மறைந்துபோன பாட்டுகளுக்குத் தொகுத்தோர் என்ன செய்தார்கள்? பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் புலவருக்குச் சூட்டினார்கள். அணிலாடு முன்றிலார் அப்படிப் பிறந்த பெயர். ஒருமுறை மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அவர் சொந்தப் பெயர் தெரிந்தால் இந்தப் பெயரை எடுத்துவிடுவார்களா?” என்று கேட்டாள். நம்மிடம் விடை இல்லை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டின் சொந்தக்காரரை வெறுமனே விட்டுவிட மனம் ஒப்பாத தொகுப்பாளர்கள் நமக்கு இருந்திருக்கிறார்கள். ஹாலிவுட்டின் தலைப்பு அட்டைகளிலோ முடியலங்காரம் செய்தவர் பெயர் இருந்தது. டிரம்பெட் வாசித்தவர் உயிரோடு, முகவரியோடு, சம்பளப் பதிவேட்டில் கையெழுத்தோடு இருந்தும் அட்டையில் இல்லை.

எல்லாரும் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. மாண்ட்ரியலை அடுத்த வெர்டனில் 1928-இல் பிறந்த மேனார்ட் ஃபெர்குசன், ஸ்டான் கெண்டன் குழுவில் உச்சச் சுரங்களுக்காகப் பெயர்பெற்றபின், 1953-இல் பாரமவுண்ட் ஸ்டுடியோவில் ஒப்பந்தக் கலைஞராகச் சேர்ந்தார். ‘த டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ (1956) உள்ளிட்ட படங்களில் அவர் ஒலி இருக்கிறது. நிலையான வருமானம், ஆனால் ஜாஸ் விடுதிகளில் வாசிக்க ஒப்பந்தம் இடம்கொடுக்கவில்லை. மூன்றாண்டில் வெளியேறித் தம் குழுவை அமைத்தார். அவர் கதையில் நமக்கு நெருங்கிய ஒரு பக்கமும் உண்டு. அறுபதுகளின் இறுதியில் குடும்பத்தோடு மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷி வேலிக்கு வந்து, ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பள்ளியில் தங்கிப் பாடம் சொல்லியிருக்கிறார். செசில் டெமில்லின் திரையில் முழங்கிய அதே உதடுகள், நம் ஊரிலிருந்து ஓரிரவுப் பயணத்தொலைவில், பள்ளிச் சிறுவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் ஒரு பொறாமை எழுகிறது.

1958-இல் நடந்த இசைக்கலைஞர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஸ்டுடியோக்களின் நிரந்தர ஒப்பந்த இசைக்குழுக்கள் முடிவுக்கு வந்தன. அதன்பின் அழைத்தால் வேலை, அழைக்காவிட்டால் இல்லை. அட்லாண்டிக்கின் மறுகரையில் டெரெக் வாட்கின்ஸ் (1945–2013) இவ்வாழ்க்கையைச் செம்மையாக வாழ்ந்தவர். முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’ (1962) தொடங்கி ‘ஸ்கைஃபால்’ (2012) வரை அந்த வரிசையில் வாசித்தார். கில்லெஸ்பி அவரை ‘மிஸ்டர் லீட்’ என்று அழைத்தாராம். கதாநாயகர்கள் ஆறுபேர் மாறினார்கள்.

இனி யூவான் ரேசி. 1921-இல் மாண்டானா மாநிலத்தின் கிளாஸ்கோ என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அஞ்சலில் தருவித்த டிரம்பெட்டில்தான் கற்கத் தொடங்கினார். எம்ஜிஎம்மில் அத்தனை ஆண்டுகள் இருந்தும், ஒலியைக் கேட்டு மக்கள் ‘யார் இது?’ என்று வினவும் வாய்ப்பு அவருக்கு ஐம்பதைத் தாண்டிய பிறகே வந்தது. ரோமன் பொலான்ஸ்கியின் ‘சைனாடவுன்’ (1974) படத்துக்கு முதலில் எழுதப்பட்ட இசை கைவிடப்பட்டது. ஜெர்ரி கோல்ட்ஸ்மித்துக்குக் கிடைத்த அவகாசம் பத்து நாள். அவர் வழக்கமான இசைக்குழுவை வைத்துக்கொள்ளவில்லை. நான்கு பியானோ, நான்கு ஹார்ப், தந்தி வாத்தியங்கள், தாளக்கருவிகள் இரண்டுபேர் வசம். ஊதுகருவி ஒன்றே ஒன்று. அது ரேசியின் டிரம்பெட். வரிசையை நடத்திச் செல்ல அருகில் யாருமில்லை. வாழ்நாளில் பெரும்பகுதி மற்றவர்களின் மூச்சைத் தம் மூச்சோடு பிணைத்து வைத்திருந்தவர், இங்கே தனியே வாசிக்கிறார். முப்பதுகளின் லாஸ் ஏஞ்சலிஸையும், அதன் தண்ணீர்க் களவையும், தந்தை மகளுக்குச் செய்த தீங்கையும் சொல்லும் படம் அது. டிரம்பெட் எதையும் விளக்குவதில்லை. ஒரு சொற்றொடரைத் தொடங்கி, இடையில் சற்றே தளர்ந்து, மீண்டும் எடுத்துச் செல்கிறது.

ஸ்னூக்கி யங் மறைந்த அதே 2011-இல், சில மாதங்கள் கழித்து ரேசியும் மறைந்தார். அவருக்கு வயது தொண்ணூறு. சென்ற விடுமுறையில் அப்படத்தை மீண்டும் பார்த்தோம். தொடக்கத்தில் எழுத்துகள் ஓடுகின்றன: நடிகர்கள், தயாரிப்பாளர், உடையமைப்பாளர், ஒளிப்பதிவாளர், இயக்குநர். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம். அவ்வளவு நேரமும் ரேசி வாசித்துக்கொண்டிருக்கிறார்.