வில்லை அமரும் இடம்

என் வலது கண்ணில் இப்போது இருப்பது நான் பிறந்தபோது இருந்த வில்லையன்று. கண்புரை முற்றியதால் அதை அகற்றிவிட்டு, ஆறு மில்லிமீற்றர் அகலமுள்ள செயற்கை வில்லை ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள்.

ஈய எழுத்துக் காலம் முதல் கணினிக் காலம் வரை ஒப்புநோக்கியே வயிறு வளர்த்தவன் நான். எனவே, சத்திரசிகிச்சைக்கு முன்னர் வைத்தியரிடம் ஒன்றைத்தான் கேட்டேன். பிறகு என்ன இலக்கத்தில் கண்ணாடி தேவைப்படும் என்பதை இப்போதே சொல்ல முடியுமா?

"உங்கள் கண்ணை அளந்துவிட்டேன், ஐயா. ஆனால், வில்லை உள்ளே எந்த ஆழத்தில் போய் அமரும் என்பதை இன்று அளக்க முடியாது, கணிக்கத்தான் முடியும்" என்றார்.

நேர்மையான பதில். அதுவே என்னைச் சில நாட்கள் தேடி வாசிக்கவும் வைத்தது.

வளர்ந்த ஒருவரின் கண், கருவிழிப்படலத்திலிருந்து விழித்திரை வரை, சராசரியாக 23.5 மில்லிமீற்றர் நீளமானது. இந்த நீளத்தையும் கருவிழியின் வளைவையும் இன்றைய ஒளிக்கதிர்க் கருவிகள் மிக நுட்பமாக அளந்துவிடுகின்றன. சிக்கல் அதற்குப் பின்னர்தான். இயற்கை வில்லை ஏறத்தாழ நான்கைந்து மில்லிமீற்றர் தடிப்புள்ளது. அதை உடைத்து உறிஞ்சியெடுத்த பின் எஞ்சுவது, நுண்ணிய நார்களில் தொங்கும் ஒரு மெல்லிய பை மட்டுமே. அதற்குள் வைக்கப்படும் புதிய வில்லையோ மிக மெலிதானது. புண் ஆறும்போது பை சுருங்கி அதைப் பற்றிக்கொள்கிறது. வில்லை கணித்த இடத்துக்கு முன்னே அமர்ந்தால் கிட்டப்பார்வை, பின்னே அமர்ந்தால் தூரப்பார்வை. அரை மில்லிமீற்றர் விலகினாலே மறுபடி கண்ணாடிக் கடைக்குப் போக நேரலாம். குட்டையான கண்ணுக்கு வலுக்கூடிய வில்லை தேவைப்படுவதால், அங்கே இந்த விலகல் இன்னும் கூடுதலாக உறுத்தும்.

1949 நவம்பர் 29 அன்று, லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாக ஒரு கண்ணுக்குள் செயற்கை வில்லையை வைத்தார். போர் விமானிகளின் கண்களில் தெறித்த பேர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் அழற்சி ஏற்படுத்தாமல் கிடந்ததைக் கண்டுதான் அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. முதல் நோயாளிக்குக் கிடைத்ததோ கடுமையான கிட்டப்பார்வை. அவருடைய வில்லைகள் சிலருடைய கண்களில் இடம்பெயர்ந்தும் போயின. சக வைத்தியர்கள் பலர் அவரை நீண்டகாலம் ஏற்கவில்லை. முதுமையில் ரிட்லியே தம் கண்களுக்கும் செயற்கை வில்லை வைத்துக்கொண்டார்!

எனக்கு இன்னொரு கோளாறும் இருந்தது. கருவிழி ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருந்தது. அதைச் சீராக்கும் வில்லை பத்துப் பாகை திரும்பினால் பயனில் மூன்றிலொரு பங்கு போய்விடும். முப்பது பாகை திரும்பினால் வைத்தும் ஒன்றுதான், வைக்காமலும் ஒன்றுதான். மனிதன் படுத்ததும் கண்ணே சில பாகை சுழலக்கூடும் என்பது நான் அறியாத செய்தி. அதனால்தான் மேசையில் கிடத்துவதற்கு முன், நிமிர்ந்து உட்காரவைத்து, விழி ஓரத்தில் மையால் அடையாளமிட்டார்கள்.

இயற்கை வில்லையை அகற்றாமலே, கதிராளிக்குப் பின்னால் இன்னொரு வில்லையைச் செருகும் முறையும் உண்டு. கடும் கிட்டப்பார்வையுள்ள என் மருமகளொருத்தி அதைச் செய்துகொண்டாள். அந்த வில்லை அளவில் சிறிதானால் இயற்கை வில்லையில் உரசிப் புரையை வரவழைக்கும். பெரிதானால் கதிராளியை முன்னே தள்ளிக் கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும். அது தங்கும் உட்பள்ளத்தின் அகலத்தை வெளியிலிருந்து கருவிழியை அளந்து மட்டும் அறிய முடியாதாகையால், மீயொலி கொண்டும் பார்த்தார்களாம்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். வலது கண்ணில் வில்லை கணித்ததைவிடச் சற்று முன்னே அமர்ந்து, அரை டயொப்டர் கிட்டப்பார்வை தங்கிவிட்டது. அந்த வித்தியாசத்தையும் கருத்திற்கொண்டே இடது வில்லையைத் தெரிவார்களாம். அதை வாசிக்கும் தூரத்துக்கே வைத்துவிடும்படி கேட்டிருக்கிறேன். பேருந்து இலக்கத்தை வலது கண் பார்த்துக்கொள்ளட்டும்.