பாக்கார் ஆராங்கில் ஒரு துருத்தி

குரூண் பக்கமிருந்து ஜெராய் மலைக்கு ஏறும்போது, மூன்றாவது வளைவிலேயே வண்டிக்கு மூச்சு முட்டியது. அக்கா மகனின் டீசல் பிக்கப் அது. செம்பனைத் தோட்டத்துக்கும் டவுனுக்குமாக 2 லட்சம் கிலோமீட்டர் உழைத்திருந்தது. எவ்வளவு மிதித்தும் வேகம் எடுக்கவில்லை. ஊளையிடுவதுபோல ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப்புகை. பழைய கெடாவான கடாரத்தைத் தேடி வந்த கப்பல்களுக்குக் கடலிலேயே அடையாளம் காட்டிய 1,217 மீட்டர் மலை அது. அதைப் பாதியோடு விட்டுத் திரும்பினேன்.

“மாமா, வண்டியைப் பாக்கார் ஆராங்குக்கு விடுங்க. அங்க ஒருத்தர் டர்போ நல்லா பார்ப்பாரு” என்றான் மருமகன், போனில்.

சுங்கை பட்டாணியில் பட்டறைகளும் ஆலைகளும் மண்டிய பேட்டை அது. மலாயில் பாக்கார் என்றால் எரிப்பது, ஆராங் என்றால் கரி.

“பசியாறிட்டீங்களாண்ணே?” என்று வரவேற்ற பட்டறைக்காரர், ஒரு மணி நேரத்தில் டர்போவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். இரண்டு நத்தை ஓடுகளை முதுகோடு முதுகு ஒட்டியதுபோல இருந்தது. ஒன்றில் எஞ்சினின் புகை புகுந்து சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். தண்டைத் தாங்குவது மயிரிழையிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம்.

“பக்கவாட்டுல லேசா ஆடலாம்ணே, தப்பில்ல. முன்ன பின்ன போகக் கூடாது. இங்க பாருங்க” என்று தண்டைப் பிடித்து இழுத்தார். டக்கென்று சத்தம் கேட்டது. அலுமினியச் சக்கரத்தின் இதழ் நுனிகள் ஓட்டில் உரசி, தேய்ந்த சில்லறைக் காசுபோலப் பளபளத்தன. அவர் அதோடு விடவில்லை. எண்ணெய் வரும் குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். குண்டூசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. மீதியெல்லாம் தார்போல இறுகிய கரி. “புது டர்போவே போட்டாலும் இந்தக் குழாய மாத்தலன்னா அதுவும் போயிடும்.”

பேரிங், சீல், உரசிய சக்கரம் எல்லாம் புதிதாகப் போட்டு, சுழலும் பாகத்தைச் சமநிலை பார்க்க வேறிடத்துக்கு அனுப்பினார். அந்த வேகத்தில் ஒரு கிராமில் சின்னப் பங்கு எடை ஒருபக்கம் கூடினாலும் தண்டு உதறிவிடுமாம். இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னார்.

அந்த இடைவெளியில் சுங்கை பத்து போனேன். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் தோண்டிவரும் பழைய இரும்பு உருக்குத் தலம். கசடும், உடைந்த மண் ஊதுகுழல்களும் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. துருத்திக் காற்றை உலைக்குள் கொண்டுபோன குழல்கள் அவை. கரி மட்டும் எரிந்தால் இரும்பு இளகாது. காற்றை ஊதித் தள்ள வேண்டும். டர்போ செய்வதும் அதே வேலைதான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூகி 1905இல் டர்போவுக்குக் காப்புரிமை பெற்றார். வீணாகும் புகையையே துருத்தி மிதிக்க வைத்ததுதான் அவர் செய்த மாயம். ஜெராய் அடிவாரத்தில் நின்றுகொண்டு இதை நினைத்தபோது, பட்டறை மேசையில் பார்த்த அந்த நத்தை ஓட்டின் மேல் மரியாதை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மறுபடி மலை. முன்பு என்ன மிதித்தாலும் 0.4 பாரைத் தாண்டாத அழுத்தமுள், அன்று எஞ்சின் 1,800 சுற்றை எட்டியதுமே எழுந்து 1.1இல் நின்றது. முதல் கியரில் முனகிய வளைவை மூன்றாவதில் எடுத்தேன். உச்சியில் காற்றழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறையும். வண்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நீலப்புகையும் நின்றிருந்தது.

ஆனால் பழைய டர்போவைச் சீர்செய்தால் வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்பெனியில் கொடுத்த பலத்தில் தொலைந்தது திரும்பும், அவ்வளவுதான். 2 லட்சம் கிலோமீட்டர் தேய்ந்த எஞ்சினை அது குமரியாக்காது.

மேலே நிறுத்தியதும் கை தானாகச் சாவிக்குப் போனது. பட்டறைக்காரர் சொல்லியனுப்பியது நினைவுக்கு வர, கையை எடுத்துக்கொண்டேன். மலையேறி நிறுத்தினால் நீங்களும் உடனே அணைத்துவிடாதீர்கள். கொதிக்கிற தண்டைச் சுற்றி எண்ணெய் ஓட ஒரு நிமிடம் விடுங்கள். எண்ணெய் அங்கேயே நின்றால் கருகிக் கரியாகிவிடும்.