பக்கத்துக் கல்லூரியா, கடற்கரைக் கல்லூரியா?

பழைய வண்ணாரப்பேட்டையில் டி.எச். ரோட்டுக்கு அடியில் இருக்கும் மெட்ரோ நிலையத்துக்கு ஒரு கல்லூரியின் பெயரை வைத்திருக்கிறார்கள்: சர் தியாகராயா கல்லூரி. 2021 பிப்ரவரியில் பாதை வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்டபோது திறந்த நிலையம் இது. பிளஸ் டூ முடிவு வந்து, தெருவுக்குத் தெரு விண்ணப்பப் பேச்சாக இருந்த ஒரு காலையில் அதன் படியேறி வெளியே வந்தேன். கல்லூரி வாசலில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவும் மகளும் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள்.

அம்மா எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். அப்பா கன்டெய்னர் லாரி டிரைவர். துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் வண்டி மாட்டிக்கொண்டால் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கணக்கில் நல்ல மார்க். அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. பி.எஸ்சி. கணிதம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எங்கே என்பதில்தான் வீட்டில் சண்டை. நடந்தே போகக்கூடிய தியாகராயாவா, மெரினாவில் இருக்கும் மாநிலக் கல்லூரியா? இரண்டையும் ஒரே நாளில் போய்ப் பார்த்துவிடலாம், நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

"தம்பி, நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. வூட்டாண்ட காலேஜ் இருக்கசொல்ல, எதுக்கு அவ்ளோ தூரம் போவணும்?" என்றார் அம்மா. மகள் வாய் திறக்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் முந்தைய நாளே சொல்லி முடித்துவிட்டாள் போலிருந்தது.

தியாகராயாவின் வாசலில் நல்ல கூட்டம். சான்றிதழ் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி பிள்ளைகள், பக்கத்தில் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக அம்மாக்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் என்று ஊர்ப்பேர்கள் காதில் விழுந்தபடி இருந்தன. சென்னைக்குள் வேறு பகுதி என்று ஒன்று இருப்பதே அந்த வரிசையில் தெரியவில்லை. அதுதான் இந்தக் கல்லூரியின் பலம் என்று எனக்குத் தோன்றியது. மகள் மட்டும் அந்த வரிசையை வேறு மாதிரி பார்த்தாள். "எங்க ஸ்கூல் பசங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க அண்ணா" என்றாள். அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

1950இல் தொடங்கிய கல்லூரி இது. பெயருக்கு உரிய பிட்டி தியாகராயர் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த 1920இல், ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட ஏற்பாடு செய்தவர். நெசவுச் சமூகத்தில் பிறந்து, வடசென்னையில் தறிகள் வைத்து நடத்தியவர். அவரே மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர்தான். இதை அம்மாவிடம் சொன்னேன். "அவங்க பெரிய இடம் தம்பி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 1870களில் அங்கே போய்ப் படிக்க முடிந்தவர்கள் எத்தனை பேர்?

இந்த விஷயத்தில் பெரும்பாலான பெற்றோருக்கு யாரும் சொல்லாத ஒரு தகவல் உண்டு. தியாகராயா அரசு உதவிபெறும் கல்லூரி. மாநிலக் கல்லூரி அரசுக் கல்லூரி, தன்னாட்சி பெற்றது. ஆனால் இரண்டுமே 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. எங்கே படித்தாலும் பட்டம் கொடுப்பது அந்தப் பல்கலைக்கழகம்தான். அரசு வேலைக்கான விண்ணப்பத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தானே வகுத்துக்கொள்ளும். மற்றவற்றுக்குப் பல்கலைக்கழகமே தேர்வு நடத்தும். விண்ணப்பிக்கும் வழியும் வேறு. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒற்றைச்சாளர விண்ணப்பம், கட்டணமும் சொற்பம்தான். உதவிபெறும் கல்லூரிக்குத் தனியாக அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உதவிபெறும் பிரிவு வேறு, சுயநிதிப் பிரிவு வேறு. சுயநிதியில் கட்டணம் கூடும். ஒரே வளாகம், ஒரே பெயர்ப்பலகை என்பதால் இதைக் கேட்காமலேயே சேர்த்துவிட்டு, பிறகு பணத்துக்கு அலைகிற குடும்பங்கள் உண்டு. வரிசையில் நிற்கும்போதே எந்தப் பிரிவு என்று கேளுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

பக்கத்துக் கல்லூரி எதைக் கொடுக்கிறது? நேரத்தை. கல்லூரி விட்டுப் பத்து நிமிடத்தில் வீட்டில் இருக்கலாம். பகுதிநேரமாக ஒரு கடையில் கணக்கு எழுதலாம், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம், தம்பியைப் பார்த்துக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னதில்தான் எனக்குக் கவலை. வீடு பக்கத்தில் இருக்கும் பெண் பிள்ளையின் நேரம் அவளுடையதாக இருப்பதில்லை. தண்ணீர் லாரி வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பாட்டியை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் அவள்தான். மிச்சமாகும் பயண நேரம் புத்தகத்துக்குப் போகும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

வெளியே வந்து மெட்ரோ பிடித்தோம். வண்ணாரப்பேட்டை, மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல், அடுத்தது அரசினர் தோட்டம். ஐந்தாவது நிலையம், வண்டி மாற வேண்டியதில்லை. மண்ணடியைத் தாண்டும்போது, இங்கே இறங்கினால் பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது என்று சொன்னேன். 1964இல் தொடங்கிய அரசு மகளிர் கல்லூரி அது. இந்தப் பகுதிப் பெண்களில் எத்தனையோ பேருக்கு முதல் பட்டத்தைக் கொடுத்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது. அந்தப் பெயரையும் ஒற்றைச்சாளர விருப்பப் பட்டியலில் சேர்த்தாயிற்றா என்று மகளைக் கேட்டார். சேர்த்திருந்தாள். இரண்டே கல்லூரிகளை வைத்துக்கொண்டு மனம் உடைய வேண்டியதில்லை. நடுவே நல்ல இடங்கள் இருக்கின்றன. வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரியும் உண்டு.

அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியே நடந்தோம். சேப்பாக்கம் மைதானத்தைத் தாண்டி, கடற்கரையில் உழைப்பாளர் சிலை தெரியும் வரை நல்ல வெயில். இந்த நடையைத்தான் அம்மா மனதுக்குள் அளந்துகொண்டு வந்தார். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021இலிருந்தே டிக்கெட் இல்லை. பஸ்ஸுக்குச் செலவில்லை, ஆனால் நேரம் ஆகும். மெட்ரோவுக்குச் செலவு உண்டு, நேரம் மிச்சம். ஆறிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. தினமும் மெட்ரோவில் போய்வந்தால் அதில் நல்ல பகுதி கரைந்துவிடும். கரையட்டும், அதற்காகத்தானே கொடுக்கிறார்கள் என்றேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஆயிரத்துக்கு வீட்டில் ஏற்கெனவே வேறு கணக்கு இருந்தது.

மாநிலக் கல்லூரியின் சிவப்புக் கட்டடத்தை மகள் அண்ணாந்து பார்த்தாள். 1840இல் தொடங்கிய கல்லூரி 1870இல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. ராபர்ட் சிசம் வடிவமைத்தது. சர் சி.வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் படித்த இடம், உ.வே. சாமிநாதையர் தமிழ் சொல்லிக்கொடுத்த இடம். தேசியத் தரவரிசையில் 2022இலும் 2023இலும் கல்லூரிகளில் மூன்றாம் இடம். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவள் அறிவிப்புப் பலகையில் கணிதத் துறையைத் தேடிப் போய்விட்டாள். ராமன் படித்தது அவளுக்கு முக்கியமில்லை. தமிழ் வழிப் பிரிவு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சரியான கேள்வி. முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2010இல் வந்த சட்டம் அது. பள்ளி முதல் முழுக்கத் தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்பதை 2020இல் திருத்தம் போட்டு இறுக்கினார்கள். பட்டத்தை ஆங்கில வழியில் எடுத்தால், பட்டம் கேட்கும் பணிகளுக்கு அந்த முன்னுரிமை போய்விடும். அரசு வேலைதான் குறி என்றால், கல்லூரியின் பெயரைவிட இது கனமான விஷயம்.

அம்மாவின் கேள்வி வேறு. "சாயங்காலம் எத்தினி மணிக்கு வுடுவாங்க?"

காலை ஷிஃப்டா, மதிய ஷிஃப்டா என்பதைப் பொறுத்தது என்று அங்கிருந்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி சொன்னாள். அவள் பொன்னேரிப் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். முதல் வருடம் கஷ்டம், அப்புறம் ரயிலிலேயே படிக்கப் பழகிவிடும் என்றாள். "பசங்க தகராறு?" என்று அம்மா கேட்டார். கேட்காமல் எப்படி இருப்பார்? பஸ், ரயில் வழித்தடத்துக்கு ஒரு மாணவர் கும்பல், அதற்குத் தலைவனாக ஒரு 'ரூட்டு தல' என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த பகுதி அவருடையது. 2024 அக்டோபரில் சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர், சில நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனார். அந்தச் செய்தி வடசென்னையில் எந்த வீட்டுக்கும் போய்ச் சேராமல் இருக்கவில்லை. பெண்கள் பெட்டியில் வந்தால் பிரச்சினை இல்லை, கூட்டமாக வருவோம் என்றாள் அந்த மாணவி. அம்மா பாதிதான் நம்பினார்.

இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். கிரிஜா போர்க்கர் என்ற பொருளாதார ஆய்வாளர் டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகளின் கல்லூரித் தேர்வை ஆராய்ந்தார். பாதுகாப்பான வழித்தடத்துக்காக, தங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடியதைவிடத் தரம் குறைந்த கல்லூரியைப் பெண்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கண்டார். ஆண்கள் அந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. நம் தெருக்களில் நடப்பதும் இதுதான். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பல வீடுகளில் தெருவைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வழித்தடத்தைச் சரிசெய்ய வேண்டியது அரசும் ரயில்வேயும் கல்லூரிகளும். அதற்கான விலையைக் கட்டுவது அந்தப் பெண்.

கடல் பக்கம் மரநிழலில் உட்கார்ந்தபோது அம்மா நேராகவே கேட்டார், நீங்க என்னதான் சொல்றீங்க என்று. என் பதிலைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். இரண்டு இடத்திலும் கணிதமே கிடைத்தால் இங்கே வரட்டும். இங்கே கணிதம் கிடைக்காமல், பெயருக்காக வேறு ஏதோ ஒரு பாடத்தில் இடம் கொடுத்தால் வேண்டாம். தியாகராயாவிலோ பாரதியிலோ கணிதத்தில் சேரட்டும். கலந்தாய்வில் தரவரிசை பின்னால் போகப்போக, மிச்சம் இருக்கும் பாடம்தான் கிடைக்கும். பெரிய பெயருக்கு ஆசைப்பட்டு, பிடிக்காத பாடத்தில் மூன்று வருடம் உட்கார்ந்து, அரியர் வைத்துப் பட்டத்தை முடிக்காமல் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கணிதமே கிடைத்தால் ஏன் இங்கே என்பதற்கும் காரணம் சொன்னேன். அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்களின் பிற்காலச் சம்பளத்தைப் பார்த்தால், பொதுவாகப் பெரிய வித்தியாசம் இல்லை. திறமை எங்கே போனாலும் திறமைதான். ஆனால் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரியால் ஆதாயம் இருந்தது. பிந்தைய ஆய்வில், பெற்றோர் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்கும் அப்படியே. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாமா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்கிறது. இவளுக்கு அந்த ஆள் வகுப்பறையில்தான் கிடைக்க வேண்டும். தர்மபுரியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவள், எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவள், டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவள் பக்கத்து பெஞ்சில் இருக்க வேண்டும். தியாகராயாவில் நல்ல ஆசிரியர்கள் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் காலையில் அந்த வரிசையைப் பார்த்து அவள் சொன்னதை நான் மறக்கவில்லை.

அமெரிக்கா கதை அம்மாவை அசைக்கவில்லை. அசைத்தது காலை ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் என்றால் மதியமே விட்டுவிடுவார்கள், வெளிச்சத்திலேயே வீடு வந்துவிடலாம் என்று மூன்றாம் ஆண்டு மாணவி சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். திரும்பும் வழியில் மெட்ரோவில் மகளிடம் நிபந்தனை போட்டார். காலை ஷிஃப்டில் கணக்கு கிடைச்சா பீச் காலேஜ். மதியம்தான்னு சொன்னா பாரதி. ரெண்டும் வரலன்னா வூட்டாண்ட. தியாகராயாவில் முதலில் கூப்பிட்டால் இடம் பிடித்து வைக்கலாம், ஆனால் மாற்றுச் சான்றிதழைக் கொடுக்கும் முன் பணம் திரும்பும் விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல, மகள் அதைச் செல்போனில் குறித்துக்கொண்டாள். மெட்ரோ செலவு யார் கணக்கு என்ற பேச்சை உயர் நீதிமன்றத்தில் ஆரம்பித்தார்கள். வண்ணாரப்பேட்டையில் நான் இறங்கும்போதும் அது முடிந்திருக்கவில்லை.