இங்கில்சம் தேவாலயத்திற் கண்டது

சென்ற வேனிற்காலத்தில் இங்கிலாந்து தேயத்துச் சுவிண்டன் நகரிலுள்ள என் புதல்வன் இல்லத்திற் சில திங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் அவன், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள இங்கில்சம் என்னும் சிற்றூர்க்கு என்னை அழைத்துச் சென்று, ஸ்நாபக யோவான் பெயரால் விளங்கும் பழைய தேவாலயத்தைக் காட்டினான். பிற சமயத்தார் வழிபாட்டிடத்தைப் பற்றி ஈண்டு எழுதுவானேன் என அன்பர் சிலர் வினவலாம். தீர்க்கவேண்டிய கடன் ஒன்று எனக்குண்டு. அது பின்னர் விளங்கும்.

“புதுப்பித்த கோயில், அப்பா” என்று மைந்தன் முன்னரே கூறியிருந்தான். ஆதலின் புதுச்சுதையும் பளபளக்கும் வண்ணமும் காண்போம் என்று எண்ணிச் சென்றேன். கண்டதோ முற்றும் வேறு. கோபுரமில்லை; மேற்குச் சுவரின் உச்சியில் ஒரு சிறு மணிமாடம் மட்டுமே உண்டு. நடுக்கூடமும் அதன் இருமருங்கும் பக்கக்கூடங்களுமாக அமைந்த இக்கட்டடத்தின் பெரும்பகுதி 13-ஆம் நூற்றாண்டினது. அதனினும் மூத்த புடைப்புச் சிற்பம் ஒன்றும் அங்குளது. அன்னையும் மகவும் அமர்ந்திருக்க, மேலிருந்து இறைவன் திருக்கரம் நீண்டு வருவதாக அமைத்துள்ளனர். அது நெடுங்காலம் வெளிச்சுவரிலிருந்து, ஊரார்க்குப் பொழுதறியும் நிழற்கடிகையாகவும் உதவியதாம்! தரை மேடும் பள்ளமுமாகக் கிடக்கின்றது. பழக்கத்தாற் பாதரட்சையை வாயிலிற் கழற்றிச் சென்ற எனக்கு அக்கல்லின் குளிர்ச்சி இன்றும் நினைவிலுளது. கதவு பூட்டிய பெட்டிகளை ஒத்த மர இருக்கைகளும் பிரசங்க மேடையும் பிற்காலத்தன. அவற்றை எவரும் அகற்றினாரில்லை.

சுவர்களே என்னை நெடும்பொழுது நிறுத்தின. 13-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை அவற்றின்மேல் எழுதப்பெற்ற சித்திரங்களும் வேதவாசகங்களும் ஒன்றன்மே லொன்றாகப் படிந்துள்ளன. மேற்பூச்சு உதிர்ந்த இடத்தே அடியிலுள்ள வரிகள் தலைகாட்டுகின்றன. கீழுள்ளதைக் காண்டற்பொருட்டு மேலுள்ளதை ஒருவரும் சுரண்டவில்லை.

அந்நாட்டில் எங்கும் இவ்வாறு நிகழ்ந்திலது. 1839-இற் கேம்பிரிட்ஜில் தோன்றிய ஒரு சங்கத்தார், 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிப் பாணியே சிறந்ததெனக் கொண்டனர். அக்கொள்கை பரவவே, பழைய ஆலயங்களிற் பிற்காலச் சேர்க்கைகளைக் களைந்தும், சுவர்ப்பூச்சைச் சுரண்டியும், முன்னிருந்த வடிவம் இதுவெனத் தாமே கருதியதொன்றைப் புதிதாகச் சமைத்தும் வந்தனர். கவிஞரும் கைவினைக்கலை வல்லுநருமாகிய வில்லியம் மாரிஸ் இதனைக் கண்டு வெகுண்டு, 1877-இற் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். இங்கில்சத்துக்கு அணித்தாகிய கெல்ம்ஸ்காட்டில் 1871 முதல் அவர்க்கு இல்லம் இருந்தது. அவர் தூண்டுதலாலும் பொருளுதவியாலும் 1888-89-இல் மிக்கிள்துவெயிட் என்னும் கட்டடக்கலை வல்லுநர் இவ்வாலயத்தைப் பழுதுபார்த்தார். பழுதுற்றதைத் தாங்கினர், எஞ்சியதைத் தொடாது விட்டனர். இவ்வளவே அத்திருப்பணி.

ஏடு பார்த்தவர்க்கு இதன் அருமை எளிதிற் புலப்படும். பிரதியிற் கண்ட பாடம் தனக்கு விளங்காவிடின், அதனை அடித்துத் தன் பாடத்தை வரைந்து வைப்பானும் உளன். டாக்டர் சாமிநாதையரவர்களோ பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டிப் பதிப்பித்தார்கள். இங்கில்சத்தார் செய்தது இரண்டாவது வகையாகும்.

எனினும் மாரிஸ் கொள்கை முழுதும் நமக்கு ஒவ்வாது. நித்திய பூசை நிகழும் ஆலயத்திற் சிதைந்ததை எடுத்துக்கட்டுதல் சிவபுண்ணியமேயாம். ஆனால் நம் முன்னோர் அதனைச் செய்த முறை வேறு. திருமழபாடியில் முதலாம் இராசராசன் ஆணைப்படி விமானத்தைப் பிரித்துக் கட்டியபோது, பழைய கல்வெட்டுக்களைப் புத்தகத்திற் படியெடுத்து வைத்து, இராசேந்திரன் காலத்திற் புதுச்சுவரில் மீண்டும் பொறித்தனர்.

இனி என் கடன். சோணாட்டில் ஓரூர்ச் சிவாலயத்துக் குடமுழுக்குக் குழுவில் யானும் ஒருவனாக இருந்தேன். எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்த அதிட்டானத்தை, மணலைப் பீச்சியடிக்கும் பொறியால் வெளுக்கச் செய்யலாம் என்றனர். அழகாயிருக்கும் என்று யானும் கையொப்பமிட்டேன். குமுதப்படையில் ஒரு நந்தாவிளக்குக்குச் சாவா மூவாப் பேராடு 96 விட்ட செய்தி பொறித்திருந்தது. பழைய எழுத்தைப் படிக்க இளமையில் யான் கற்றது அதனைத் தடவியே. பணி முடிந்தபின் சென்று பார்த்தேன். கல் வெளுத்திருந்தது; எழுத்து இல்லை. படியெடுத்து வைக்கவேண்டும் என்னும் நினைவு, பண்டிதன் என்று பெயர் படைத்த எனக்கே எழவில்லை.

இங்கில்சத்திலிருந்து திரும்பியதும் அக்கல்வெட்டில் நினைவுள்ளவற்றை எழுதி, அவ்வாலயத்தாரிடம் கொடுத்துள்ளேன். விளக்கு வைத்த அம்மையாரின் பெயரிற் பின்பாதி மட்டுமே நினைவில் வருகின்றது, முன்பாதிக்குப் புள்ளியிட்டிருக்கிறேன். அவ்வூர் எதுவென அறிந்த அன்பர்களுள் எவரிடமேனும் பழைய படியோ நிழற்படமோ இருப்பின், எனக்கு அனுப்பி உதவுவாராக.