வட்டியின்றி ஒரு மேற்படிப்பு

பதினான்கு ஆண்டுகள் கொதிகலன் வடிவமைப்பில் கழிந்த பின் மேலாண்மை பயிலும் எண்ணம் எழுந்தபோது, கணவனும் மனைவியுமாக நாங்கள் கட்டணத்தைப் பற்றித்தான் முதலில் பேசினோம். கேட் தேர்வெல்லாம் பிறகு.

2011இல் தொடங்கப்பட்ட திருச்சி ஐஐஎம், புதுக்கோட்டைச் சாலையில் அருகிலேயே இருக்கிறது. ஆயினும் முழுநேரப் படிப்பென்றால் ஈராண்டு ஊதியம் நின்றுவிடும். பிள்ளைகள் இருவர், உம்மாவின் மருந்துச் செலவு வேறு. கல்விக் கடன் எளிதில் கிடைக்கிறது, வட்டியோடு. "படிப்புக்காகத்தானே?" என்று சமாதானம் சொன்ன உறவினர் பலர். அல்லாஹ் விலக்கியதை நல்ல நோக்கம் ஆகுமாக்கிவிடாது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் அலுவலக நண்பர் இதில் எங்களுடன் விவாதிக்கவே இல்லை. தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கடனின்றிக் கட்டணம் சேர எத்தனை மாதங்களாகும் என்று கணக்கிட்டார். முப்பது வந்தது. காத்திருக்க இயலாதெனில், பணியில் இருப்போருக்காக அதே நிறுவனம் சென்னையில் நடத்தும் வார இறுதி வகுப்பு உண்டே என்றார். வெள்ளி இரவு மலைக்கோட்டை விரைவு வண்டி; திங்கள் காலை திரும்பி நேரே பணிக்கு. ஊதியம் நிற்காது. ஆனால் வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு அத்தா இருக்கமாட்டார்.

இது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இஸ்திகாரா தொழுது வருகிறோம். அத்தாவிடம் ஓதிக் காட்டும் சனிக்கிழமைப் பாடத்தைப் புதனுக்கு மாற்றலாமா என்று மூத்த மகள் கேட்கிறாள். உஸ்தாதிடம் பேச வேண்டும்.