தண்ணி எதுமட்டும் வந்தது?

எனக்கு ஊரில் ஒரு நல்ல பெயர் இருக்கிறது. பொய்யால் வந்த பெயர். கோயிலடியில் யாராவது அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

கல்லடி உப்போடையில், வாவிப் பக்கமாக, பதினெட்டுப் பேர்ச் காணியும் வீடும் என் பெயரில் இருக்கின்றன. அம்மாவுக்கு அம்மம்மா கொடுத்தது, எனக்கு அம்மா கொடுத்தது. மட்டக்களப்பில் வீடு பெண்ணோடு போகும். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுவார். பெற்றவர்கள் அதே வளவுக்குள் பின்பக்கமாக ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். தாய்வழிச் சொத்துரிமையைச் சொன்ன முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு நீதிமன்றத்தில் செல்லாமற் போய்விட்டது. எங்கள் வளவுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

எனக்கு ஒரே மகள். டொரண்டோவில் இருக்கிறாள். "எனக்கு அங்க ஏனம்மா வீடு, வித்துப்போட்டு வாங்க" என்றாள். மூன்று தலைமுறைக் கயிறு ஒரு தொலைபேசி அழைப்பில் அறுந்தது. அதற்காக அழுதேன் என்று சொல்லலாம். உண்மையில், அன்று மாலையே என்ன விலை போகும் என்று பக்கத்து வீட்டில் விசாரித்தேன்.

2022 அது. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய், மே மாதத்தில் 360. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊர்க் காணி திடீரென்று மலிந்தது. தரகர்மார் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டே காணி பேசினார்கள்.

விற்பது என்று முடிவானதும் என் முதற்செலவு ஒரு கோட்டை மறைக்கத்தான்.

2011 தை மாதம், நாட்கணக்காக விடாத மழை. வாவியை நாங்கள் பேச்சில் ஆறு என்றுதான் சொல்வோம். மேற்கே படுவான்கரையின் தண்ணீரெல்லாம் அதற்குள்தான் வந்து விழும். கடலுக்குப் போக அதற்கு இரண்டு வாசல்கள், பாலமீன்மடுவில் ஒன்று, கல்லாற்றுப் பக்கம் ஒன்று. மணல் அடைத்துக் கிடந்தால் மனிதர்தான் வெட்டிவிட வேண்டும். "முகத்துவாரம் வெட்டியாச்சா" என்று ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, தண்ணீர் எங்கள் படியேறி, விறாந்தையேறி, நடு அறையில் இரண்டு சாண் உயரத்துக்கு மூன்று நாள் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், தேநீர்க் கோப்பைக்குள் படியும் கறைபோல, சுவரைச் சுற்றி ஒரு கோடு. அம்மா அதைத் தேய்க்க விடவில்லை. கரித்துண்டால் பக்கத்தில் வருடத்தை எழுதினா. "அடுத்தமுற வாறநேரம் நெல்லு மூட்டைய எவ்வளவு உயரத்தில வைக்கிறது எண்டு தெரியணும்" என்றா.

அம்மாவின் கணக்கை இரண்டு பூச்சுப் பெயின்றால் மூடினேன். மேசன் தம்பி, "டீச்சர், சுவர் குடிச்ச உப்பு திரும்ப வரும்" என்றான். வரும் முன்னர் விற்றுவிடலாம் என்று நினைத்தேன்.

நான் புவியியல் படிப்பித்தவள். வடகீழ்ப் பருவக்காற்று எப்போது தொடங்கும், எங்கள் கரைக்கு எந்த மாதத்தில் எவ்வளவு மழை கொட்டும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டியவள். அந்த அறிவு முழுவதையும் இதற்குப் பயன்படுத்தினேன். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு ஆடி, ஆவணியில்தான் நாள் கொடுத்தேன். வாவி ஒடுங்கி, கரை வெளுத்து, முற்றத்து மணல் சுடுகிற காலம். கார்த்திகையில் வரட்டுமா என்று கேட்டவர்களிடம், கொழும்புக்குப் போகிறேன் என்றேன். போகவில்லை.

வந்தவர்கள் பலவிதம். சுவிஸிலிருந்து வந்த ஒருவர் மீன் பாடுவது இங்கே கேட்குமா என்று கேட்டார். அமெரிக்க யேசுசபைக் குருவானவர் லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவுசெய்ததையும், இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியதையும் சொல்லி, "பறுவத்தில் படிக்கட்டில் இருந்தாலே கேட்கும்" என்று முடித்தேன். முதல் பாதி உண்மை. நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்னொருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்து லண்டனில் இருக்கும் மனைவிக்கு வீட்டைக் காட்டினார். அந்த அம்மா குசினியை மட்டும் மூன்று தடவை பார்த்துவிட்டு, பிறகு சொல்கிறோம் என்றா. இன்றுவரை சொல்லவில்லை. ஒவ்வொரு படலைச் சத்தத்துக்கும் சேலையைச் சரிசெய்துகொண்டு ஓடுவதும், அவர்கள் போன பின்பு கொடுத்த குளிர்பானத்தின் மிச்சத்தை ஊற்றுவதுமாக ஒரு வருடம் போனது.

பிறகுதான் காத்தான்குடியிலிருந்து அந்த நானா வந்தார். இரண்டாவது மகளுக்கு வீடு தேடினார். காத்தான்குடி முஸ்லிம்களுக்கும் எங்களைப் போலத்தான், வீடு மகளுக்கு. அங்கே காணி இல்லை, மாடிக்கு மேல் மாடி கட்டித்தான் மகள்மாரைக் குடியேற்றுகிறார்கள். மற்றவர்கள் வாவிக் காட்சியைப் பார்த்தார்கள். இவர் குந்தியிருந்து கதவு நிலையின் அடியை விரல் மொளியால் தட்டிப் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். தலையை உயர்த்தாமலே கேட்டார்:

"டீச்சர், தண்ணி எதுமட்டும் வந்தது?"

"முற்றத்தோட நிண்டுட்டு, நானா."

அவர் எழுந்து களஞ்சிய அறைக் கதவை இழுத்துச் சாத்தினார். அதன் பின்பக்கத்துக்குப் பெயின்ற் அடிக்க நான் மறந்திருந்தேன். இரண்டு சாண் உயரத்தில் கோடு, பலகை ஊதிப் போயிருந்தது. கதவைத் திரும்பத் திறந்து வைத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல், கிணற்றைப் பார்க்கலாமா என்று கேட்டார். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் ஒரு விலை சொன்னார். தளத்தை உயர்த்துகிற செலவைக் கழித்த விலை. நியாயமானது.

எனக்கு அந்த விலையோடு பிரச்சினை இல்லை. அந்த மனிதர் முன்னால் உறுதியில் கையெழுத்து வைக்க முடியாது என்பதுதான் பிரச்சினை. அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். "சொந்தக்காரர் விரும்பயில்ல நானா" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "விளங்குது டீச்சர், பரவாயில்ல" என்று வைத்துவிட்டார்.

என்ன விளங்கியிருக்கும் என்று இந்தக் கரையில் பிறந்த யாருக்கும் தெரியும். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு, அதே காலத்தில் எங்கள் கிராமங்களிலும் உயிர்கள் போன பிறகு, யார் யாருக்குக் காணி விற்பது என்பது இங்கே விலைப் பேச்சாக மட்டும் இருந்ததில்லை. அவர் சோனகர் என்பதால் மறுத்தேன் என்று அவர் நினைத்தார். நினைக்கட்டும் என்று விட்டேன். பொய்க்காரி என்று தெரிவதைவிட அது எனக்குச் சுகமாக இருந்தது.

சொந்தக்காரர் யாரையும் நான் கேட்கவேயில்லை. ஆனால் கதை தரகர் வழியாகப் பரவியது. கூடின விலைக்குக் கேட்டும் டீச்சர் கொடுக்கவில்லை என்று ஊர் திருத்திச் சொன்னது. கோயில் சபைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, எல்லாரும் உங்களைப் போல இருந்தால் எங்கட மண் போகாது என்றார். அவருக்குத் தேநீர் கொடுத்தேன். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

நொத்தாரிசு ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், தெரிந்த குறையை மறைத்து வீடு விற்றால் விற்றவர்தான் பொறுப்பு என்று. ரோமன் டச்சுச் சட்டமாம். 1638இல் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் விட்டுப் போனது. அந்தக் கோட்டையைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சுற்றிக் காட்டியிருக்கிறேன். நானாவிடம் நான் மறைத்த மற்ற விஷயத்துக்கு ஒல்லாந்தரிடம் சட்டம் இருக்கிறதா என்று நொத்தாரிசிடம் கேட்கவில்லை.

2024 கார்த்திகைக் கடைசியில் மழை திரும்ப வந்தது. தண்ணீர் இந்த முறை விறாந்தையோடு நின்றது. ஆனால் சுவர் தன் பாட்டில் வேலையைத் தொடங்கியது. பெயின்ற் கொப்பளித்து, உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக விழுந்தது. கரியால் எழுதிய வருடத்தில் கடைசி இரண்டு இலக்கங்கள் வெளியே தெரிகின்றன.

நானா மகளுக்கு ஏறாவூரில் வீடு எடுத்துவிட்டதாகக் கேள்வி. அவருடைய இலக்கம் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் சோடி வீடு பார்க்க வருகிறார்கள். எங்கட ஆட்கள்தான், கைக்குழந்தையோடு. அம்மாவின் தேக்கு அலுமாரி இப்போது அந்தச் சுவரோடு நிற்கிறது. போன கிழமை பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு நகர்த்தி வைத்தேன். திரும்ப நகர்த்துவதற்கும் அவனைத்தான் கூப்பிட வேண்டும். இன்றைக்கு வியாழன்.